‘மிலிட்டரி கிரேடு’ என்றால் என்ன? துப்பாக்கித் தொழிற்சாலை முதல் அம்மாவின் பனியன் கம்பெனி வரை!

உங்கள் போன் கவர் வந்த அட்டையை இன்னும் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறீர்களா? எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் கேடயம் மாதிரி ஒரு படம் போட்டு, ‘மிலிட்டரி கிரேடு பாதுகாப்பு’ என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். பிளாட்பாரக் கடையில் நூறு ரூபாய்க்கு வாங்கிய கவரிலும் அது இருக்கும். ஆன்லைனில் இரண்டாயிரம் கொடுத்து வாங்கியதிலும் இருக்கும்.

‘ராணுவத்துக்குக் கொடுக்கிற பொருள் என்றால் தரம் வேற லெவல்’ என்பது நமக்கு ஊறிப்போன நம்பிக்கை. பெரியப்பா மிலிட்டரி கேன்டீனில் வாங்கிவந்த பெட்டி என்றால் அதற்கு வீட்டில் தனி மரியாதை. பிரியாணிக்குக்கூட நமக்கு மிலிட்டரி ஹோட்டல்தான்!

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு வரும் வாசகர் கேள்விகளில் ஒன்று இந்த நம்பிக்கையைத் தொட்டது. ‘ராணுவத்துக்குச் செய்யும் ரைஃபிளும், பொதுமக்களுக்கு விற்கும் ரைஃபிளும் ஒரே தரத்தில்தான் இருக்குமா?’ அறுபது நொடி வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லி அதை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். நான் வாழ்க்கையில் கிட்டத்தில் பார்த்த ஒரே துப்பாக்கி, பேங்க் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் தோளில் தொங்குவது மட்டும்தான். அதையும் தொட்டதில்லை.

படிக்க உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் ஓர் ஆச்சர்யம். லாட், சாம்பிள், ரிஜெக்ட், மேஜர், மைனர், ஏ.கியூ.எல்... எல்லாமே எனக்குத் தெரிந்த வார்த்தைகள். திருப்பூரில் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அம்மா வாயிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்த வார்த்தைகள். அம்மா இருபது வருடத்துக்கு மேலாக பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர்.

அறுபது நொடியில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

ஒரே ஜாடை, இரண்டு பரீட்சை

இந்தக் கேள்வி அதிகம் அலசப்படும் நாடு அமெரிக்கா. காரணம், அங்கே ராணுவம் தூக்கும் எம்-16, எம்-4 துப்பாக்கிகளுக்கும், கடையில் பொதுமக்கள் வாங்கும் ஏ.ஆர்-15-க்கும் தாய் ஒன்று. ஏ.ஆர் என்பது ஆர்மலைட் ரைஃபிள் என்பதன் சுருக்கம். 1950-களில் ஆர்மலைட் நிறுவனம் வடிவமைத்தது. உரிமையை வாங்கிய கோல்ட் நிறுவனம் ராணுவத்துக்கு எம்-16 ஆகவும், 1964 முதல் பொதுமக்களுக்கு ஏ.ஆர்-15 ஆகவும் விற்றது. 1977-ல் காப்புரிமை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகி, இன்று எத்தனையோ கம்பெனிகள் அதைத் தயாரிக்கின்றன.

பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ராணுவத் துப்பாக்கி விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் வசதி உள்ளது. கடையில் கிடைப்பது ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு. இந்த வித்தியாசம் பலருக்கும் தெரியும். வெளியே தெரியாத வித்தியாசம், தொழிற்சாலை வாசலைத் தாண்டும் முன் இரண்டும் எழுதும் பரீட்சையில் இருக்கிறது.

துப்பாக்கிக்குள் ‘போல்ட்’ என்று ஒரு பாகம். குண்டு வெடிக்கும்போது பின்பக்கக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் பிடித்திருப்பது அதுதான். அது உடைந்தால், சுடுபவரின் முகம் சில அங்குல தூரத்தில் இருக்கிறது. ராணுவத்துக்கான போல்ட் இன்ன உருக்கில்தான் செய்ய வேண்டும் என்று வரைபடத்தில் எழுதியிருக்கும். செய்து முடித்ததும், சாதாரணத் தோட்டாவைவிட அதிக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவை வைத்து ஒருமுறை சுடுவார்கள். பிறகு அந்த போல்ட்டைக் காந்தமாக்கி, இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றி, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் துகள்கள் அங்கே போய் வரிசை கட்டும். பாஸானால் போல்ட்டிலேயே ஒரு முத்திரை. இது ஒவ்வொரு போல்ட்டுக்கும்.

கடையில் விற்கும் துப்பாக்கிக்கு இதைச் செய்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் கிடையாது. சில கம்பெனிகள் ஒவ்வொன்றையும் சோதிக்கின்றன. சில, ஒரு லாட்டில் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதிக்கின்றன. விளம்பரத்தில் இரண்டுமே ‘டெஸ்ட் செய்யப்பட்டது’தான்.

இதற்கு நேர் எதிராகவும் ஒரு சங்கதி உண்டு. குறி தவறாமல் சுடுவதில் ராணுவத்தின் சாதாரண ரைஃபிளைவிட நல்ல வேட்டைத் துப்பாக்கிகள் முந்திவிடும். நூறு கஜ தூரத்தில் சுட்ட குண்டுகள் ஒரு அங்குல வட்டத்துக்குள் விழும் என்று உத்தரவாதம் கொடுத்தே விற்கிறார்கள். ராணுவம் தன் சாதாரண சிப்பாயின் துப்பாக்கிக்கு அதைவிட அகலமான வட்டத்தையே ஏற்றுக்கொள்கிறது. பளபளப்பு, மரக்கட்டையின் ரேகை அழகு இதெல்லாம் ராணுவத்துக்கு வேண்டியதே இல்லை.

ராணுவம் வேறொன்றைக் கேட்கிறது. ஆயிரமாவது துப்பாக்கி முதல் துப்பாக்கி மாதிரியே இருக்க வேண்டும். எம்-4 போன்றவற்றில் சிலவற்றை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, பாகங்களைக் கலந்துபோட்டு, மறுபடி பூட்டிச் சுட்டுப் பார்க்கிறார்கள். இன்னும் சிலவற்றை 6,000 குண்டுகள்வரை சுட்டு, எத்தனை முறை சிக்குகிறது என்று எண்ணுகிறார்கள். போர்க்களத்தில் ஒருவர் துப்பாக்கியில் உடைந்த பாகத்துக்கு, இன்னொருவர் துப்பாக்கியிலிருந்து கழற்றிப் போட முடிய வேண்டும். அரத்தை எடுத்து ராவிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை.

இதற்கு 200 வருட வரலாறு இருக்கிறது. 1820-களில் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதத் தொழிற்சாலையில் ஜான் ஹால் என்பவர், ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு பார்க்கும் ‘கேஜ்’களைச் செய்து குவித்தார். கேஜுக்குள் நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட். அங்கிருந்தும் மற்ற ஆயுதத் தொழிற்சாலைகளிலிருந்தும் இந்த முறையைக் கற்றுக்கொண்ட மெக்கானிக்குகள், பிறகு அதை எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? தையல் மெஷின் கம்பெனிகளுக்கு! பிறகு சைக்கிளுக்கு, டைப்ரைட்டருக்கு. இன்று திருப்பூரில் ஒரு ஓவர்லாக் மெஷினில் பாகம் போய்விட்டால் கடையில் புதிது வாங்கி உடனே மாட்ட முடிகிறது என்றால், அதன் பூர்வீகம் துப்பாக்கித் தொழிற்சாலை.

பானையில் எத்தனை சோறு?

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்போம். வீட்டுக்கு இது சரி. ஆனால், லட்சக்கணக்கில் தோட்டாக்கள் வாங்கும் ராணுவத்துக்கு? ஒவ்வொரு தோட்டாவையும் சுட்டுப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. தீப்பெட்டியில் எல்லாக் குச்சியும் எரிகிறதா என்று உரசிப் பார்த்த கதையாகிவிடும். எடுத்துப் பார்க்கும் சோறு எத்தனை, அதில் எத்தனை வேகாமல் இருந்தால் பானையையே திருப்பி அனுப்பலாம்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த புள்ளியியல்காரர்கள். அந்த அட்டவணைகள் வளர்ந்து 1950-ல் ‘மில்-ஸ்டாண்டர்டு 105’ என்ற பெயரில் ராணுவத் தர நிர்ணயமாக வந்தன. 1995-ல் ராணுவம் அந்தப் பெயரைக் கைவிட்டது. ஆனால், அதே அட்டவணைகள் சர்வதேசத் தர நிர்ணயமாகி உலகம் முழுக்கப் பரவிவிட்டன.

திருப்பூரில் பையர் அனுப்பும் இன்ஸ்பெக்‌ஷன்காரர் கையில் வைத்திருப்பது அந்த அட்டவணையைத்தான். ‘ஏ.கியூ.எல் 2.5’ என்று அம்மா சாதாரணமாகச் சொல்வார். 3,000 பீஸ் கொண்ட ஷிப்மென்ட் என்றால் 125 பீஸ் எடுக்க வேண்டும். மேஜர் டேமேஜ் 7 வரை இருந்தால் பாஸ். எட்டாவது கிடைத்தால் மொத்த ஷிப்மென்ட்டும் ஃபெயில். தையல் விட்டுப்போயிருந்தால் மேஜர். நூல் பிசிறு மைனர், அதற்குக் கொஞ்சம் தாராளம். ஆனால் ‘கிரிட்டிக்கல்’ என்று ஒரு வகை இருக்கிறது. குழந்தைச் சட்டைக்குள் உடைந்த ஊசி முனை இருப்பது மாதிரியான விஷயம். அதற்கு அனுமதி சைபர்.

தோட்டாவுக்காகப் போட்ட கணக்கு, அம்மாவின் செக்கிங் டேபிளில் குழந்தைகளின் டி-ஷர்ட்டுக்கு வந்து நிற்கிறது. அந்த லாட்டில் ஃபெயிலானவை காதர்பேட்டையில் ‘எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்’ என்று குவிந்துகிடக்க, நாம் சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொள்கிறோம்.

தாளில் பாஸ், காட்டில் ஃபெயில்

இவ்வளவு கறாரான பரீட்சை இருந்தால் ராணுவத் துப்பாக்கி சோடை போகவே கூடாது அல்லவா? போனது. அதுவும் உயிர்களைக் காவு வாங்கியபடி.

1963-ல் அமெரிக்க ராணுவமும் விமானப் படையுமாக ஒரு லட்சத்து நான்காயிரம் எம்-16 வகைத் துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தன. ஆரம்பச் சோதனைகளில் அது ஒருவகை வெடிமருந்தோடு நன்றாக ஓடியது. 1964-ல் ராணுவம் தோட்டாவில் வேறு வகை மருந்தைப் போட ஆரம்பித்தது. புது மருந்தில் துப்பாக்கி வேண்டியதைவிட வேகமாகச் சுட்டது. உள்ளே கசடும் அதிகம் படிந்தது. குண்டு அமரும் அறைக்கு குரோம் பூச்சு கொடுத்திருந்தால் வியட்நாமின் ஈரத்தில் துருவைத் தாங்கியிருக்கும். அதற்கு முந்தைய எம்-14-க்கு இருந்த குரோம், இதற்குக் கொடுக்கப்படவில்லை. ‘இதற்கு அதிகம் கிளீனிங் தேவையில்லை’ என்ற பேச்சு வேறு பரவியிருந்ததால், துடைக்கும் கம்பிகூடப் பலருக்குக் கைக்கு வரவில்லை.

எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்ட இடம் அடுத்தது. நிமிடத்துக்கு 850 குண்டு வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருந்த விதி. புது மருந்தில் பல துப்பாக்கிகள் அதைத் தாண்டின. தொழிற்சாலைச் சோதனையில் பாஸாக வழியில்லை என்று கம்பெனி சொன்னது. ராணுவம் என்ன செய்தது? சோதனையில் மட்டும் பழைய வகை மருந்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கொடுத்தது. தொழிற்சாலையில் ஒரு தோட்டா, போர்க்களத்தில் வேறு தோட்டா. தாளில் எல்லாமே பாஸ்.

சுட்ட தோட்டாவின் காலிக் கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. முன்பக்கமாகக் கம்பியை விட்டுக் குத்தித்தான் வெளியே தள்ள முடியும். 1967-ல் கே சான் அருகே மலைச் சண்டைகளில் போராடிய வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். இறந்துகிடந்த நண்பர்களின் பக்கத்தில், பாதி கழற்றிய நிலையில் துப்பாக்கி கிடந்தது என்று எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் அமெரிக்க நாடாளுமன்றம்வரை போயின. ரிச்சர்ட் ஐகார்ட் என்ற உறுப்பினர் தலைமையிலான துணைக்குழு விசாரித்து, 1967 அக்டோபரில் ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடி அறிக்கை கொடுத்தது. அதன்பின் குரோம் பூச்சு வந்தது. துடைக்கும் கருவிகள் வந்தன. வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற காமிக்ஸ் ஓவியரைக் கொண்டு, துப்பாக்கியை எப்படிப் பராமரிப்பது என்று படக்கதைப் புத்தகமே போட்டுக் கொடுத்தார்கள்.

கதை நம் ஊருக்கும் அந்நியமில்லை. நம் ராணுவத்துக்காக நாமே செய்த இன்சாஸ் ரைஃபிள் மீது, 1999 கார்கில் போரில் கடுங்குளிரில் மேகஸின் விரிசல் விடுகிறது என்ற புகார் வந்தது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966 முதல் இயங்கிவருகிறது. அந்த வாசலுக்குள் போகும் நம் மாவட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும், தாங்கள் பாஸ் போட்ட பொருள் எந்தப் பனியில், எந்த மணலில் போய் நிற்கும் என்ற கேள்வி இருக்கத்தான் செய்யும்.

அம்மாவின் ஸ்டிக்கர்

‘சோதனைக்கு மட்டும் வேற மருந்து’ என்று படித்தபோது எனக்கு ஒரு தீபாவளி ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது நான் பிளஸ் ஒன். அம்மா வேலை பார்த்த கம்பெனியில் செக்கிங் ஆட்களுக்கு ஆளுக்கொரு நம்பர் உண்டு. பார்த்து முடித்த பீஸில் அந்த நம்பர் போட்ட குட்டி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். எங்கேயாவது டேமேஜ் வந்தால் யார் பார்த்தது என்று தெரிந்துவிடும். மறுநாள் காலை இன்ஸ்பெக்‌ஷன். ஷிப்மென்ட் லேட். ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டியும் பாதிதான் செக்கிங் முடிந்திருந்தது. பார்த்த பீஸ் இருக்கும் பெட்டிகளை முன்வரிசையில் கைக்கு எட்டும் இடத்தில் அடுக்குங்கள், பார்க்காததைப் பின்னால் தள்ளிவிட்டு சும்மா ஸ்டிக்கர் மட்டும் ஒட்டுங்கள் என்று உத்தரவு வந்தது.

இன்ஸ்பெக்‌ஷன்காரர் அட்டவணைப்படி 125 பீஸ்தான் எடுப்பார். ஆனால் கைக்கு எட்டும் பெட்டியிலிருந்துதான் எடுப்பார். அட்டவணை சரி, கணக்கு சரி, பானையின் மேல்சோறு மட்டும் தனியாக வேகவைத்தது.

அம்மா ஒட்டவில்லை. சத்தம் போடவும் இல்லை. “பாக்காத பீஸுக்கு என்ற நம்பர் ஆகாதுங்க சார்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வேறு யாரோ ஒட்டினார்கள். ஷிப்மென்ட் பாஸாகிப் போனது. அம்மாவை அடுத்த வாரம் வரவேண்டாம் என்றார்கள். தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

திருப்பூர்க்காரர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். தீபாவளி போனஸ் என்பது எங்களுக்கு வருடத்தின் பாதி. ஸ்கூல் ஃபீஸ் பாக்கி, சீட்டுப் பணம், அப்பா வாங்கிய கைமாத்து எல்லாமே ‘போனஸ் வந்ததும்’ என்று தள்ளிப்போட்டவை. அந்த வருடம் எதுவும் வரவில்லை. அப்பா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. “ஸ்டிக்கர்தானே, ஒட்டித் தொலைச்சிருந்தா என்ன?” என்று பாட்டி கேட்டார். எனக்கும் அப்போது அதே கேள்விதான் மனதுக்குள். நான் கேட்காமலே அம்மா பதில் சொன்னார்: “துணி பிஞ்சா பிஞ்சுட்டுப் போகுது கண்ணு. அதுல ஊசி இருந்துச்சுன்னா? என்ற நம்பரல்ல அதுல இருக்கும்?”

வாங்குபவருக்கு யார் கையெழுத்து?

அம்மாவின் அந்தக் கேள்வியோடு ரைஃபிளுக்குத் திரும்பினால், ராணுவத் துப்பாக்கிக்கும் பொதுமக்கள் துப்பாக்கிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் உருக்கிலோ குரோமிலோ இல்லை என்று தெரிகிறது. ராணுவத்தின் பக்கம், காசு கொடுப்பவரே தொழிற்சாலைக்குள் தன் ஆய்வாளரை உட்காரவைக்கலாம். ‘இந்த லாட் வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பலாம். துப்பாக்கி கைக்கு வந்தபிறகும் படைப்பிரிவில் ‘ஆர்மரர்’ என்ற ஆயுத மெக்கானிக் இருக்கிறார், பழுதைப் பார்த்து மேலே எழுத. எம்-16 விஷயத்தில் அவர்களே கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆனாலும் நாடாளுமன்றம் கூப்பிட்டுக் கேட்க முடிந்தது, மாற்ற முடிந்தது.

கடையில் ஒற்றைத் துப்பாக்கி வாங்குபவருக்கு யார் இருக்கிறார்கள்? அது நாட்டைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 1637-லேயே லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் அமைப்புக்கு அரச சாசனம் கிடைத்தது. 1813-ல் பர்மிங்ஹாமில் சோதனைச் சாலை ஒன்று நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டு, இன்றும் இயங்குகிறது. அதிக அழுத்தத் தோட்டாவால் சுட்டு, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாமல் விற்பது குற்றம். 1914-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய சி.ஐ.பி என்ற சர்வதேச அமைப்பில் இருக்கும் நாடுகளில், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இந்தச் சோதனை கட்டாயம். ரைஃபிள் என்றால் அதிகபட்ச அழுத்தத்துக்கும் மேலே 25 சதவிகிதம் கூடுதல் வைத்துச் சுடுகிறார்கள். சோதிப்பவர் கம்பெனிக்காரர் இல்லை என்பதுதான் இதில் முக்கியம்.

அமெரிக்காவில் 1926 முதல் ‘சாமி’ என்ற அமைப்பு அளவுகளையும் அழுத்தங்களையும் வகுத்துக் கொடுக்கிறது. ஆனால் அது தயாரிப்பாளர்களின் சங்கம். பின்பற்றுவது அவரவர் விருப்பம். 1972-ல் நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, பொம்மை முதல் மின்விசிறி வரை கண்காணிக்க ஆணையம் அமைத்தார்கள். அதன் அதிகாரத்திலிருந்து துப்பாக்கியை விலக்கிவைத்தார்கள். பொம்மைத் துப்பாக்கியில் குறை இருந்தால் அந்த ஆணையம் தலையிடலாம். நிஜத் துப்பாக்கியில் குறை இருந்தால் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு போட அதற்கு அதிகாரம் இல்லை. வாசித்துவிட்டு இரண்டு தடவை சரிபார்த்தேன். உண்மைதான்.

இதன் விலையை ரெமிங்டன் 700 என்ற ரைஃபிளின் கதையில் பார்க்கலாம். 1962-ல் வந்த, லட்சக்கணக்கில் விற்ற, புகழ்பெற்ற வேட்டைத் துப்பாக்கி. இதே குடும்பத்து ரைஃபிள்களை அமெரிக்க ராணுவமும் கடற்படைக் காலாட்படையும் ஸ்னைப்பர்களுக்கு எடுத்துக்கொண்டன. கடையில் வாங்கியவர்களிடமிருந்து பல வருடங்களாக ஒரு புகார் வந்தது: விசையைத் தொடாமலே சுடுகிறது. வீடுகளில், வேட்டைப் பயணங்களில் உயிர்கள் போயின. அதில் குழந்தைகளும் உண்டு. குறை இருப்பதாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் மக்கள் சேர்ந்து போட்ட வழக்கில், ஏறக்குறைய 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு விசை அமைப்பை இலவசமாக மாற்றித் தர சமரசம் ஏற்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2018-ல். இடையில் புதிய விசை அமைப்பு ஒன்றையும் கொண்டுவந்தார்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்தவற்றை, பூட்டும்போது ஒட்டும் பசை சிலவற்றில் அதிகமாகிவிட்டது என்று நிறுவனமே திரும்பக் கூப்பிட்டது. எட்டு வருட உற்பத்தி! காரணம், கொஞ்சம் கூடிப்போன பசை.

அந்த போன் கவர்...

கவரில் போட்டிருக்கும் ‘மிலிட்டரி கிரேடு’க்கு அடிப்படை ‘மில்-ஸ்டாண்டர்டு 810’ என்ற அமெரிக்க ராணுவ ஆவணம். 1962-ல் முதலில் வந்தது. வெயில், குளிர், தூசி, ஈரம், விழுதல் என்று பலவகைச் சோதனை முறைகளின் தொகுப்பு அது. எதைச் செய்வது என்று தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். உங்கள் கவர் பாஸா ஃபெயிலா என்று அமெரிக்க ராணுவம் சான்றிதழ் கொடுப்பதில்லை. அதில் பிரபலமான கீழே போடும் சோதனையில் நாலடி உயரத்திலிருந்து 26 தடவை போட வேண்டும். ஆனால் ஒரே பொருளைத்தான் 26 தடவையும் போட வேண்டும் என்றில்லை. ஐந்து பொருள்கள்வரை பங்கு பிரித்துக்கொள்ளலாம்!

எனவே ‘ராணுவத் தரம்’ என்று எதிலாவது பார்த்தால், அது ஹெல்மெட்டோ, பையோ, போன் கவரோ, அதற்கு நாலு கேள்வி கேட்கலாம். எந்தச் சோதனை? எத்தனை பீஸில் எத்தனை? சோதித்த நிலைமையில்தான் நான் பயன்படுத்தப்போகிறேனா? சோதித்தவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் இருந்ததா? கடைக்காரரிடம் பதில் இருக்காது. ஆனால், நாலில் ஒன்றுக்காவது அட்டையில் பதில் இருக்கிறதா என்று தேடலாம். வாசகருக்கு என் பதிலும் இதுதான்: ராணுவ ரைஃபிள் எல்லா விதத்திலும் உயர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒரே மாதிரி இருப்பதில் அது கறார். கடை ரைஃபிள் அதைவிட நன்றாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதைச் சட்டம் முடிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீடியோ ஸ்கிரிப்டை முடித்துவிட்டு ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன், ‘உன்ற ஏ.கியூ.எல் அட்டவணை துப்பாக்கித் தோட்டா பார்க்கிறவங்க போட்டதாம்மா’ என்று. அம்மா இப்போது குழந்தைத் துணி செய்யும் சின்ன யூனிட்டில் இருக்கிறார். பெரிதாக ஆச்சர்யப்படவில்லை. “அப்படீங்களா? அவிய எத்தன டேமேஜ் விடுவாங்களாம்?” என்றார்.

‘உயிருக்கு ஆபத்தானதுன்னா சைபர்தான்’ என்றேன்.

“இங்கயும் அதுக்கு சைபர்தான்” என்றவர், அன்று லைனில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். ஓவர்லாக்கில் ஊசி ஒடிந்துவிட்டது. உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, டேப்பில் ஒட்டி, ரிஜிஸ்டரில் பதிந்தால்தான் புது ஊசி கொடுப்பார்கள். மூன்று துண்டு கிடைத்தது. முனை மட்டும் காணோம். மெஷினை நிறுத்தி, காந்தத்தை வைத்துத் தரை, டேபிள், பக்கத்தில் இருந்த பீஸ் எல்லாம் தடவியிருக்கிறார்கள். முக்கால் மணி நேரம்.

‘கெடச்சுதா?’

“கெடைக்காம எப்படிக் கண்ணு லைன் ஓட்டறது?”